வலைக்கூடத்தின் தூண்கள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருட வேலையில் ஒரு கூட்டத்திலும் எழுந்து நின்று பேசியதில்லை. யாராவது பேசச் சொன்னால் கண்ணில் நீர் முட்டும். அப்படிப்பட்டவள் நாலு பேர் வாசிக்கும்படி எழுத வந்தது அதிகப்படிதான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு, பழைய ஆபீசில் புதிதாகச் சேர்ந்த இரண்டு ஓவர்சியர் பிள்ளைகள் மாப்பிள்ளையூரணியில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சிறு ஒப்பந்ததாரர்களுக்கு உதவ எங்களுக்கென்று இருந்த பிரிவை மூடிவிட்டார்களாம். சின்னச் சின்ன வேலைகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரே பெரிய டெண்டராக விடுகிறார்களாம். “ஏன் மூடினாங்கன்னு கேட்டா, உப்புல தூண் கட்டின கதையைச் சொல்லிச் சிரிக்காங்க அக்கா. நீங்க அங்கதான இருந்திய? நெசமாவே உப்பைக் கலந்து கட்டினாரா அந்த ஆளு?” என்று கேட்டார்கள்.

அவர் உப்பைக் கலக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா சாலைப் பணியாளர். தார் காய்ச்சும் இடத்திலேயே மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். கருணை அடிப்படையில் எனக்கு ஒர்க் அசிஸ்டன்ட் வேலை கிடைத்தது. டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பது, உறுதிச் சோதனைக்காகக் கான்கிரீட்டைக் கியூப் அச்சில் நிரப்பித் தேதி எழுதுவது, தண்ணீரில் போட்டு வைப்பது, வேலை நடக்கும்போது போட்டோ எடுப்பது என்று பல வருடம் அப்படியே போனது. பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

பெருமழையில் கரையோர ஊர்களில் வாய்க்கால், சிறுபாலம், மீன் இறங்குதளம் என்று எல்லாம் உடைந்து கிடந்த சமயத்தில்தான் அந்தப் பிரிவைத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகளுக்கு அத்தனை சின்ன வேலைகளில் அக்கறையில்லை. உள்ளூர்க் கொத்தனார்களிலும் மேஸ்திரிகளிலும் சொந்தமாக எடுத்துச் செய்யத் தெம்பு உள்ளவர்களைப் பதிவு செய்யச் சொல்லி, வேலைகளைச் சிறிதாக வெட்டிக் கொடுத்தோம். டெண்டரைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லிக்கொடுப்பது எங்கள் பொறுப்பு. கலவை மெஷினும் வைப்ரேட்டரும் இரவலாகக் கொடுத்தோம்.

அதற்குத் தலைமையாக வந்தவர் உதவி செயற்பொறியாளர் ஜெபமணி மேடம். நாசரேத்துக்காரர். அப்பா, அம்மா, சித்தி, பெரியப்பா எல்லாரும் வாத்தியார்கள். மேடத்துக்கும் அந்தக் குரல் இருந்தது. சத்தம் போடமாட்டார். ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

புதுக் கான்ட்ராக்டர்கள் முதன்முதலாக ஆபீசுக்கு வரும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கைலியை இறக்கிவிட்டு, சுவரோரமாக நிற்பார்கள். மேடம் நிமிரவே மாட்டார். “நின்னுக்கிட்டு இருக்கவங்க கூட நான் வேலை பேசுறதில்ல. நாற்காலி அங்க கெடக்கு” என்பார். சிலர் நாற்காலியின் நுனியில் உட்காருவார்கள். “முழுசா உக்காருங்க. நாளைக்கு உங்ககிட்ட நான் சண்டை போடணும். சமமா இருந்தாத்தான் போட முடியும்.” எவ்வளவு சின்ன வேலை எடுத்தவரையும் ‘கான்ட்ராக்டர்’ என்றுதான் கூப்பிடுவார். வாட்ச்மேனும் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

கான்கிரீட் போடும் நாளில் மேடத்துக்கென்று ஒரு முறை உண்டு. தண்ணி லாரி வந்து நின்றதும் ஒரு எவர்சில்வர் டம்ளரை வாங்கி, குழாயில் பிடித்து, ஒரு வாய் குடிப்பார். பிறகு அதே டம்ளரைக் கழுவி கான்ட்ராக்டரிடம் நீட்டுவார். அவரும் குடிக்க வேண்டும். இருவரும் தலையை ஆட்டினால்தான் மெஷின் ஓடும். எங்கள் ஊர் பக்கம் கிணறு, போர் எல்லாம் உப்பேறிக் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். ஆய்வகச் சான்று கோப்பில் இருக்கும். “அது அன்னைக்கு எடுத்த தண்ணிக்கு. இது இன்னைக்கு வந்த தண்ணி” என்பார். ஒருமுறை லாரித் தண்ணீர் கரித்தது. டிரைவர், “மேடம், இதத்தான் ஊரே குடிக்கி” என்றான். “ஊருக்குக் கம்பி இல்ல. எடுத்துட்டுப் போ” என்றார்.

எல்லாரும் தேறவில்லை. கயத்தாறு பக்கத்துக்காரர் ஒருவர் ஒரு சிறுபாலத்தை நன்றாகவே தொடங்கினார். யார் சொன்னார்களோ, அவருக்கு மட்டும் குவாரியிலிருந்து ஜல்லி வரவில்லை. கேட்டால் லாரி இல்லை என்பார்கள். பக்கத்தில் பெரிய கான்ட்ராக்டர்களின் வேலைக்கு லாரி வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். அவர் தினமும் ரோட்டோரம் நின்று அதைப் பார்த்தார். ஒருநாள் வந்து நாற்காலியில் உட்காராமலே, “என்னால முடியல மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படிப் போனவர்கள் பலர். இதைச் சொல்லாமல், அந்தத் தூண்களைக் கட்டிய பரமசிவன் கதையை மட்டும் சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் செழித்தார்கள் என்று ஆகிவிடும்.

பரமசிவன் உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா, மனைவி இசக்கியம்மாள், மச்சினன் சுடலை எல்லாரும் உப்பு வாருகிறவர்கள். இவர் மட்டும் கொத்து வேலை பழகி மேஸ்திரியாகி, பிறகு எங்களிடம் பதிவு செய்தார். மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடக்கும்போது அவருடைய சொந்தக்காரர்களுக்கு வேலை இருக்காது. அவர்களைத்தான் ஆளாக வைத்துக்கொள்வார். ஒரு வாய்க்கால் செய்தார், ஒரு சுற்றுச்சுவர் செய்தார். இரண்டும் நேராக நின்றன. மூன்றாவதாகக் கிடைத்தது, கடற்கரைக் கிராமம் ஒன்றில் வலைக்கூடம். மீனவர்கள் நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவதற்கு, தூண்கள் மேல் கூரை மட்டும் போட்ட திறந்த கூடம். அதை முடித்தால் அடுத்த வகுப்புக்கு உயரலாம், பாலம் எடுக்கலாம் என்று அவருக்கு ஆசை. குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் பதிவே போய்விடும் என்பது விதி. இரண்டையும் மேடம் அவரிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்.

அந்த வருடம் முதல் மழை பெய்து உப்பளங்கள் மூடின. அதன்பின் மழை தள்ளிப்போய்விட்டது. பரமசிவனின் ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அஸ்திவாரம் முடிந்து மண் மூடினார்கள். தூண்களுக்குக் கான்கிரீட் போட்டார்கள். தண்ணீரை அவர் டம்ளரில் அல்ல, குனிந்து குழாயிலேயே வாய்வைத்துக் குடித்துப் பார்த்தார். மணலை நாக்கில் வைத்துப் பார்த்தார். பலகை பிரித்ததும் தூண்களுக்குச் சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றினார்கள். கான்கிரீட் காயாமல் ஈரத்திலேயே இருந்தால்தான் இறுகும். அதற்குச் சணல் சாக்குதான் ஆகும், பிளாஸ்டிக் சாக்கு ஈரம் பிடிக்காது. இப்போது சணல் சாக்குக் கிடைப்பது அருமை. மற்ற கான்ட்ராக்டர்கள் கிழிசல் ஒன்றைச் சுற்றிவிட்டு, நாங்கள் வருகிற நேரம் பார்த்து ஒரு வாளி ஊற்றுவார்கள். பரமசிவனின் தூண்களோ தலை முதல் கால்வரை போர்த்திக்கொண்டு நிற்கும். உச்சி வெயிலில் தொட்டாலும் சாக்கு ஈரமாகவே இருக்கும்.

மேடத்துக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். மாதக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “கியூரிங் எப்படிப் பண்ணணும்னு வலைக்கூடத்துல போய்ப் பாத்துட்டு வாங்க” என்று சொன்னார். நான் எடுத்த போட்டோவைத் திரையில் காட்டினார்கள். பரமசிவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

சாக்கு பிரித்த பிறகு, மேலே உத்திரத்துக்குப் பலகை அடிக்கத் தொடங்கும் முன்பு பார்வையிடப் போனோம். தூண்களைச் சுற்றி ஆடுகள் நின்றன. அந்த ஊர் ரோஸம்மாள் வளர்க்கும் ஆடுகள்.

“எம்மா, நல்ல தூணு கட்டியிருக்கிய” என்றார் ரோஸம்மாள். “சாக்கு பிரிச்சதுலேர்ந்து எங்காடு குழை கடிக்க மாட்டேங்குவு. விடிஞ்சா இங்கதான் வந்து நிக்குவு.”

“பூச்சுக்கூலி மிச்சம்க்கா” என்றார் பரமசிவன். “நக்கி நக்கியே வழுவழுன்னு ஆக்கிரும்.”

“அப்போ எங்காட்டுக்குச் சம்பளம் குடுலே. ஓசிக்கு வேலை வாங்குத.”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு ஆட்டை முழங்காலால் ஒதுக்கிவிட்டு, விரலை எச்சிலில் நனைத்து, தூணில் அழுத்தி இழுத்து, நாக்கில் வைத்தார். அடுத்த தூணுக்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். பிறகு, ஓரத்தில் மடித்து அடுக்கியிருந்த சாக்குகளிடம் போய் ஒன்றைப் பிழிந்து, அந்த நீரையும் ருசி பார்த்தார்.

“கான்ட்ராக்டர், இந்தச் சாக்கு எங்க எடுத்திய?”

“நம்ம உப்பளத்துலதான் மேடம். அம்பாரத்து மேல மூடுத சாக்கு. எவ்வளவு வேணும்னாலும்…”

பாதியில் நிறுத்திவிட்டு, அவரும் விரலை நனைத்துத் தூணில் இழுத்து நாக்கில் வைத்தார்.

உப்புக் குவியல் மேல் வருடக்கணக்காகக் கிடந்த சாக்குகள் அவை. உப்பு ஏறிய சாக்கு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் வெயிலில்கூடக் காயவில்லை. காலையும் மாலையும் ஊற்றிய நல்ல தண்ணீர் அந்த உப்பைக் கரைத்து, இறுகிக்கொண்டிருந்த தூணுக்குள் இறக்கியிருக்கிறது. ஒழுங்காக ஊற்றாதவர் என்றால் அவ்வளவு இறங்கியிருக்காது.

தூண்களில் ஆழம் ஆழமாகத் துளைபோட்டுப் பொடி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். கம்பி இருக்கும் ஆழம் வரை உப்பு போயிருந்தது. அளவு, அனுமதித்ததைவிடக் கூடுதல். அஸ்திவாரத்துக்குச் சாக்கு போடவில்லை, மண்தான் மூடியிருந்தது. அது சுத்தமாக இருந்தது.

மேடம் அறிக்கையை எடுத்துக்கொண்டு செயற்பொறியாளரிடம் போனார். கியூப் முடிவுகளைக் கொண்டுவரச் சொன்னதால் நானும் போனேன். சார் கெட்டவர் இல்லை. மார்ச்சுக்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடியில் இருந்தார்.

“கியூப் எல்லாம் பாஸ் ஆயிட்டே ஜெபமணி” என்றார்.

“கியூப் நம்ம தொட்டித் தண்ணியில கெடந்தது சார். அதுக்குச் சாக்கு சுத்தல.”

“தூணு நிக்குதா இல்லியா? மேல ஒரு பெயின்ட் அடிப்போம். கடலோரத்துல எந்தக் கட்டடம் உப்புக் காத்துக்குத் தப்பிச்சிருக்கு?”

“காத்துல வர்ற உப்பு வெளியேருந்து உள்ள போக வருசக்கணக்கா ஆகும். இதுல இப்பவே உள்ள இருக்கு சார். வலை பின்னுறவங்க பகல் முழுக்க அது கீழதான் உக்காந்திருப்பாங்க.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இடிக்கச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கு. சொல்லுங்க. ஆனா இடிச்சபிறகு அவருக்கு டைம் வேணும்னு எங்கிட்ட வராதிய. நான் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டா மார்ச்சுக்குள்ள முடியாது, பணம் திரும்பிப் போயிரும். யோசிச்சுக்கிடுங்க. தூண விட்டா அந்த ஆளு பிழைச்சான்.”

வெளியே வந்து மேடம் ஜீப்பில் ஏறினார். “வெயில்ல காயாத சாக்க நான் வேற எங்கயும் பாத்ததில்ல” என்றார். “ஏன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

மறுநாள் காலையில் சைட்டுக்குப் போனோம். பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டை மேடமே எடுத்துப் போட்டார். பரமசிவன் உட்கார மறுத்தார். மேடமும் நின்றுகொண்டே சார் சொன்னது வரை ஒன்று விடாமல் சொன்னார். இடித்தால் டைம் கிடைக்காது, பதிவு போய்விடும். விட்டால் யாரும் இப்போதைக்குக் கேட்கப்போவதில்லை.

இசக்கியம்மாள் சட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

“மைக்கைப் புடிச்சு இவர மாதிரி வேலை செய்யணும்னு சொன்னது யாரு? நீங்கதான? அன்னைக்கும் இந்தச் சாக்குதான சுத்தியிருந்துச்சு? தெனமும் வந்து தொட்டுத் தொட்டுப் பாத்தியளே!” என் பக்கம் திரும்பினாள். “ஏளா, நீயும்தான போட்டோ புடிச்ச? வாயத் தொறந்து சொல்லேன்.”

எனக்கு வாய் வரவில்லை.

“ஆமா, நான்தான் சொன்னேன்” என்றார் மேடம். “நான் சொன்னதத் தப்புன்னு மேல எழுதிட்டுத்தான் வந்திருக்கேன்.”

“எழுதி? உங்களுக்குச் சம்பளம் நின்னுருமா?”

“நீ கொஞ்சம் சும்மா இரு” என்றார் பரமசிவன். பிறகு மேடத்திடம், “எத்தனை வருசம் நிக்கும்?” என்று கேட்டார்.

“என்னால சொல்ல முடியாது. முதல்ல கம்பி வழியே கீறல் விழும். பிறகு பாளம் பாளமாப் பேத்துக்கிட்டு விழும். புயல் அடிக்கிற வருசம்னா அதுக்கு முந்தியும் ஆகலாம்.”

“அப்ப நான் எங்க இருப்பேனோ.”

“நானும் வேற ஊருல இருப்பேன். நம்மளத் தேடி ஒருத்தரும் வரமாட்டாங்க.”

அவர் தூணில் கைவைத்துத் தடவினார். “உப்புல பொறந்தவன் மேடம் நான். காய்ச்சல்னா எங்கம்மா அந்தச் சாக்கத்தான் போத்திவிடுவா. தண்ணியில உப்புப் பாத்தேன், மண்ணுல பாத்தேன். சாக்குல பாக்கணும்னு தோணலியே. எங்களுக்குச் சாக்குன்னா சாக்கு, அவ்வளவுதான்.”

கொஞ்ச தூரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நாலைந்து பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அவர் பார்த்தார்.

“இடிச்சிருவோம்” என்றார். “மிஷினு வேண்டாம். அதிர்வுல அடிப்பாகம் விட்டுரும். எங்க ஆளுவ கையாலயே உடைக்கட்டும். அஸ்திவாரம் நல்லாத்தான் இருக்கு.”

இசக்கியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கடல் பக்கம் நடந்துபோனாள்.

சம்மட்டியும் உளியும் வைத்து உடைத்தார்கள். கான்கிரீட் லேசில் உடையவில்லை. சுடலை மூச்சு வாங்க நின்று, “எவ்வளவு கெட்டியாப் போட்டிருக்கோம் பாத்தியா அத்தான்” என்று சொல்லிச் சிரித்தான். பரமசிவன் உளியை அடுத்த இடத்தில் வைத்தார். உள்ளே கம்பி புதுசாக, நீலம் மாறாமல் இருந்தது. வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் ஆத்திரம். “கம்பியில ஒரு பொட்டுத் துருகூட இல்லியே, இதப் போயி இடிக்கானுவ. கிறுக்குப் புடிச்சிட்டா?” என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர், “உப்பு வியாபாரிலே இவன். சிமென்டுக்குப் பதிலா உப்பப் போட்டு அடிச்சிட்டான். ஆபீசரம்மா புடிச்சிட்டா” என்றார். பரமசிவனுக்கு அது கேட்டது. சம்மட்டி அடி ஒன்றுகூடப் பிசகவில்லை. இப்போது ஆபீசில் சொல்லிச் சிரிக்கிற கதை அன்றைக்கு அங்கே பிறந்ததுதான். அதைச் சொன்னவர்களும் அதே தார்ப்பாய்க்குக் கீழே இருந்து வந்தவர்கள்தான்.

மேடம் டைம் கேட்டு எழுதினார். திரும்பி வந்தது. நேரில் போய்க் கேட்டார். எடுத்துச் சொல்லி மறுபடியும் எழுதினார், அதுவும் திரும்பி வந்தது. மிச்ச வேலையை, மார்ச்சுக்குள் முடிக்கச் சொல்லி ஒரு பெரிய கான்ட்ராக்டருக்கு மாற்றி உத்தரவு வந்தது. பரமசிவனின் பதிவு ரத்தானது. மேடம் முகத்தைத் தொங்கப்போட்டு நான் பார்த்தது அந்த வாரம்தான். அதன்பின் அடுத்த மாறுதல் பட்டியலில் மேடத்தின் பெயர் இருந்தது. எங்கள் பிரிவில் புதிய வேலை எதுவும் வரவில்லை.

மேடம் மாறுதலில் போகும் முன்பு, சைட்டை ஒப்படைக்கும் நாளில் பரமசிவன் ஆபீசுக்குக் கலவை மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தார். உள்ளே கைவிட்டுச் சுரண்டிக் கழுவி, பல்சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இரவல் வாங்கிய யாரும் அப்படித் திருப்பிக் கொடுத்ததில்லை. மேடம் எழுந்து நின்று, “உக்காருங்க கான்ட்ராக்டர்” என்றார்.

“இப்ப அப்பிடிக் கூப்பிடாதிய மேடம்” என்றார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கொண்டுவந்து கொடுத்த டீயை முழுக்கக் குடித்தார். போகும்போது என்னிடம், “அன்னைக்கு அவ பேசினத மனசுல வச்சுக்கிடாதிய தங்கச்சி” என்றார். ‘இல்லை’ என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் படியிறங்கிவிட்டார்.

மறுநாள் காலை பெரிய கான்ட்ராக்டரின் ஆட்கள் வலைக்கூடத்து அஸ்திவாரத்தைச் சுற்றித் தகரம் அடைத்தார்கள். அன்றைக்கே தூண் வேலை தொடங்கியது. கூலிக்கு எடுத்த கொத்தனார்களில் பரமசிவனும் நின்றார். மேஸ்திரி அவரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்.